திறக்காத வால்வும் கேளாத சொல்லும்

 

மலாக்கா நகரிலிருந்து கடலோரச் சாலை வழியாகத் தஞ்சோங் கிளிங் பக்கம் போனால், இடையில் வருவது கிளேபாங். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மணலில் விளையாடவிட்டு, தேங்காய் ஷேக் வாங்கிக் கொடுத்துத் திரும்பும் இடம் அது என்பது மலாக்கா மாநிலத்தில் உள்ள நம்மவர் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிளேபாங் கடற்கரைக்கு 2011ஆம் ஆண்டில் ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது. பெயர் ஊஸ்ஸான். அது பிரெஞ்சுக் கடற்படையில் 1978ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய நீர்மூழ்கிக் கப்பல். நம் மலேசிய வீரர்கள் பிரான்சு நாட்டின் பிரெஸ்ட் துறைமுகத்தில் நீர்மூழ்கிப் பயிற்சி பெற்றது அந்தக் கப்பலில்தான். பயிற்சி முடிந்து ஓய்வு பெற்றதும் அதைக் கிளேபாங்கிற்குக் கொண்டுவந்து, தரையில் நிறுத்திக் காட்சிக்கூடம் ஆக்கினார்கள். ஏறத்தாழ 67 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்பு மீனைப் பார்க்க என் பள்ளி மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றேன்.

உள்ளே நுழைந்த பிள்ளைகள் டார்ப்பிடோவைப் பார்த்தார்கள். படுக்கைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சார், எங்க பார்த்தாலும் சின்னச் சின்னச் சக்கரமா இருக்கே, இத்தனை எதுக்கு?" என்று கேட்டாள். "அவை வால்வுகள் அம்மா, தண்ணீரையும் காற்றையும் அடைக்கவும் திறக்கவும் பயன்படுபவை" என்று சொன்னேன். அவள் விடவில்லை. "ஒண்ணு திறக்காமப் போச்சுன்னா?" என்றாள்.

நேயர்களே, அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அந்த விடைக்குள் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறும், ஆயிரம் பேருக்கு நெருங்கிய உயிர்களும் அடங்கியிருக்கின்றன.

வால்வு என்பது நமக்குப் புதிய பொருள் அன்று. முன்பு லயத்துக் கோடியில் நின்ற பொதுப் பைப்பை நினைத்துப் பாருங்கள். காலையில் பால் வெட்டுக்குப் போகுமுன் வாளியோடு வரிசையில் நின்று, திருகித் திறந்து, நிறைந்ததும் திருகி மூடினோம். அந்தத் திருகுக்குள் இருப்பதுதான் வால்வு. பைப்பின் வால்வு பழுதானால் தண்ணீர் வீணாகும், அவ்வளவுதான். ஆனால் படகில் அப்படியன்று. படகின் வால்வுக்கு அப்பால் நிற்பது கடல்.

ஆதியில் படகுகளுக்கு வால்வே தேவைப்படவில்லை. நம் முன்னோரின் கட்டுமரம் மரங்களைக் கயிற்றால் கட்டியது; ஓட்டை இருந்தாலும் மூழ்காது. சென்னைக் கடற்கரையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகள் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் இரும்பு ஆணி கிடையாது. ஆகவே துருவும் கிடையாது. தண்ணீர் கசிந்தால் இறைத்துக் கொட்டினார்கள்.

கப்பல் பெரிதாகப் பெரிதாகக் கடல் நீரே கப்பலுக்குள் தேவைப்பட்டது. தளத்தைக் கழுவ நீர் வேண்டும். பிற்காலத்தில் நீராவி இயந்திரமும் டீசல் இயந்திரமும் வந்தபோது அவற்றைக் குளிர்விக்கவும் நீர் வேண்டும். அதற்காக நீர்மட்டத்திற்குக் கீழே கப்பலின் உடம்பில் மனிதன் தன் கையாலேயே துளை போட்டான். துளையைக் காவல் காக்க ஒரு வால்வை வைத்தான். இந்தக் காவலாளி உறங்கிப் போனால் என்ன ஆகும்? ஒரு கணக்குச் சொல்கிறேன். நீர்மட்டத்திற்கு 1 மீட்டர் கீழே 4 செண்டிமீட்டர் விட்டத்தில், அதாவது குழந்தை ஒன்றின் கைப்பிடி அளவில், ஒரு துளை திறந்து கிடந்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 லிட்டர் நீர் உள்ளே வரும். பழைய மண்ணெண்ணெய் டின்னில் 11 டின். நிமிடத்திற்கு 11 டின் நீரை எத்தனை நேரம் இறைத்துக் கொட்ட முடியும்?

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1782ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட் என்னும் கடற்பகுதி. அங்கே 100 பீரங்கிகள் தாங்கிய ராயல் ஜார்ஜ் என்னும் மாபெரும் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. தளம் கழுவ நீர் எடுக்கும் குழாயின் திருகு கெட்டுப்போயிருந்தது. அது நீர்மட்டத்திற்குக் கீழே, கப்பலின் வலப்புறத்தில் இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் அந்த இடம் நீருக்கு மேலே வரவேண்டும். ஆகவே கப்பலைச் சாய்த்தார்கள். இடப்புறப் பீரங்கிகளை வெளியே தள்ளி, வலப்புறப் பீரங்கிகளைக் கப்பலின் நடுவுக்கு இழுத்தார்கள். வலப்புறம் உயர்ந்தது, இடப்புறம் தாழ்ந்தது. தச்சர்கள் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள்.

அதே நேரத்தில் தாழ்ந்த பக்கத்தில் ஒரு சிறு கப்பல் வந்து ஒட்டி நின்று, சாராயப் பீப்பாய்களை ஏற்றியது. பாரம் கூடியது. பீரங்கித் துவாரங்களின் விளிம்பைக் கடல் தொட்டது. சிற்றலை எழும்போதெல்லாம் நீர் உள்ளே வழிந்தது. இதை முதலில் கண்டவன் கப்பல் தச்சன். மேல்தளத்தில் நின்ற அதிகாரியிடம் ஓடிப்போய், "ஐயா, கப்பல் தாங்காது, நிமிர்த்த வேண்டும்" என்ற கருத்தில் சொன்னான். அதிகாரி அவனை எடுத்தெறிந்து பேசி அனுப்பிவிட்டார். தச்சன் மறுபடியும் போனான்; மறுபடியும் அதே மறுமொழி. அன்று உயிர் தப்பிய மாலுமி ஒருவர் பிற்காலத்தில் சொன்ன விவரம் இது. பிறகு கப்பலை நிமிர்த்த உத்தரவு வந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. சில நிமிடங்களில் ராயல் ஜார்ஜ் கவிழ்ந்து மூழ்கியது.

கப்பல் துறைமுகத்து வாசலில் நின்றதால், மாலுமிகளைப் பார்க்க மனைவியரும் பிள்ளைகளும் ஏறியிருந்தார்கள். 800 பேருக்கு மேல் மாண்டார்கள். தளபதி கெம்பன்ஃபெல்ட்டும் அவர்களில் ஒருவர். புயல் இல்லை, போர் இல்லை. கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பின்னர் நடந்த இராணுவ விசாரணையில், கப்பலின் மரச்சட்டங்கள் உளுத்துப் போயிருந்தன என்பதே காரணமாகக் கூறப்பட்டு, அதிகாரிகள் குற்றமற்றவர்கள் என்று விடப்பட்டார்கள். உளுத்தது மரம் மட்டும்தானா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, கடலில் வால்வு ஏன் கெட்டுப்போகிறது? உப்பு என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடையைக் கண்டுபிடித்த கதையும் அறியத்தக்கது.

வெப்பக் கடல்களில் கப்பல் புழு என்ற ஓர் உயிர் உண்டு. கறையான் வீட்டு மரத்தை அரிப்பதுபோல் அது கப்பல் மரத்தைத் துளைத்துவிடும். அதைத் தடுக்க, 1761ஆம் ஆண்டில் அலார்ம் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செம்புத் தகடு அடித்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இரண்டாண்டு கழித்துத் தூக்கிப் பார்த்தபோது, புழு அண்டவில்லை. ஆனால் வேறொரு கேடு நேர்ந்திருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்து சிதைந்து கிடந்தன. ஆச்சரியம் என்னவென்றால், சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. காரணத்தைத் தேடினார்கள். தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம், பிரிக்கப்படாமல் அந்த இடங்களில் செம்புக்கும் இரும்புக்கும் இடையே சிக்கியிருந்தது. அந்தக் காகிதம்தான் ஆணியைக் காப்பாற்றியது.

இதன் பொருள் என்ன? இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம், அதாவது பேட்டரி, உண்டாகிவிடுகிறது. அவற்றில் எளிதில் கரையும் உலோகம் கரைகிறது, மற்றொன்று பிழைத்துக்கொள்கிறது. இந்த உண்மையை வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி 1824ஆம் ஆண்டில் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார். செம்பைக் காக்க வேண்டுமா? அதோடு ஒரு துண்டுத் துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவிடு. அது கரையட்டும், செம்பு பிழைக்கட்டும் என்றார். செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பின் நஞ்சு நீரில் கலப்பதும் நின்றுபோனதால், கிளிஞ்சலும் பாசியும் கப்பலின் அடியில் தாராளமாகப் படர்ந்தன. கப்பலின் வேகம் குறைந்தது. அன்று கைவிடப்பட்ட அந்த யோசனை பிற்காலத்தில் இரும்புக் கப்பல்களுக்குக் கைகொடுத்தது. இன்றும் படகுகளின் அடியிலும் சுக்கான் அருகிலும் துத்தநாகக் கட்டிகளைப் பார்க்கலாம். தான் கரைந்து பிறரைக் காப்பது அவற்றின் தொழில். அவை கரையும், கரைந்தால் மாற்ற வேண்டும்.

வால்வுக்கும் இதே கதைதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று பாட்டிமார் ஈயம் பூசாமல் அடுப்பில் வைக்க விடமாட்டார்கள் அல்லவா? கடல் நீர் புளியைவிடப் பொல்லாதது. நாளடைவில் அது சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடும். மிஞ்சுவது செம்புச் சல்லடை. வெளியிலிருந்து பார்த்தால் வால்வு அதே வடிவில் இருக்கும்; சுரண்டிப் பார்த்தால் மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பாகத் தெரியும். செல்லரித்த கதவு நிலையைப் போலத்தான். உருவம் இருக்கும், பலம் இருக்காது. அதனால்தான் கடல் வேலைக்குச் செம்போடு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம் என்பது கடற்படைகளில் புகழ்பெற்ற கலவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் உலகத்திற்கு மிகுதியான வெள்ளீயத்தைத் தந்தது நம் மலாயா மண். ஆகவே எங்கோ ஒரு நாட்டில் கட்டப்பட்ட கப்பலின் வால்வுக்குள்ளும் நம் ஈயச் சுரங்கத்து உழைப்பு சிறிது கலந்திருக்கக்கூடும்.

கப்பல் என்றதும் நம் குடும்பங்களுக்கு நினைவு வருவது ரஜூலா. 1926ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. தொடக்கத்தில் ஒரே பயணத்தில் ஐயாயிரம் பேர் வரை மேல்தளப் பயணிகளாக ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் பாயும் தகரப் பெட்டியுமாக அந்தத் தளத்தில் படுத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்குக் கீழே, சூடும் இரைச்சலும் நிறைந்த இயந்திர அறையில், கடல் நீர் வால்வுகளைத் திருகித் துடைத்து எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தவர்கள் பெயர் தெரியாத மாலுமிகள். பயணிகளில் ஒருவரும் அவர்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் இன்று இங்கே இருப்பதற்கு அவர்களுடைய கைகளும் காரணம் என்பதை மறக்கலாகாது.

இனி, என் மாணவியின் கேள்விக்கு நேரான விடையாக அமைந்த நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதுவும் நீர்மூழ்கிக் கப்பலில் நடந்ததே.

1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள். இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் புதிதாகக் கட்டப்பட்ட தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல், லிவர்ப்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்திற்குப் புறப்பட்டது. வழக்கமாக அதில் ஐம்பது பேருக்குச் சற்று அதிகமானோர் இருப்பார்கள். அன்று 103 பேர் இருந்தார்கள். கப்பற்படையினரோடு, கட்டிய நிறுவனத்தின் தொழிலாளர்களும் மற்றவர்களும் ஏறியிருந்தார்கள்.

பிற்பகலில் மூழ்க முயன்றபோது கப்பல் இறங்க மறுத்தது. முன்பக்கம் இலேசாக இருந்தது. முன்பக்கத்து டார்ப்பிடோக் குழல்கள் சிலவற்றில் நீர் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். டார்ப்பிடோக் குழலுக்கு இரண்டு கதவுகள். ஒன்று கடலைப் பார்த்தது, மற்றொன்று கப்பலுக்குள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் கடலே உள்ளே வந்துவிடும். ஆகவே உள்கதவில் ஒரு சிறிய சோதனைத் திருகு வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால், குழலில் நீர் இருந்தால் நுண்துளை வழியாகப் பீச்சும், இல்லாவிட்டால் வராது. எவ்வளவு எளிய ஏற்பாடு!

அதிகாரி ஐந்தாம் குழலின் சோதனைத் திருகைத் திறந்தார். நீர் வரவில்லை. குழல் காலி என்று எண்ணி உள்கதவைத் திறந்தார். மறுகணம் கடல் சீறிக்கொண்டு பாய்ந்தது. அந்தக் குழலின் வெளிக்கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அது எப்படித் திறந்தது என்பது இறுதிவரை தெளிவாகவில்லை. ஆனால் சோதனைத் திருகில் ஏன் நீர் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. கப்பல் கட்டும் தளத்தில் குழலின் உட்புறம் துருப்பிடிக்காமல் இருக்கக் கீல் சேர்ந்த பூச்சுப் பூசியபோது, அந்தப் பூச்சு சோதனைத் திருகின் துளையை அடைத்துக்கொண்டு இறுகியிருந்தது. துருவைத் தடுக்க வந்த பூச்சே உண்மையைத் தடுத்துவிட்டது. அந்தத் துளையைக் குத்திப் பார்க்க ஒரு சிறு கம்பியும் கொடுக்கப்பட்டிருந்தது. அன்று ஒருவரும் அதை எடுக்கவில்லை.

நீர் புகுந்த அறையிலிருந்து ஆட்கள் பின்வாங்கித் தடுப்புக் கதவை மூட முயன்றார்கள். கதவின் திருகுப் பிடிகளில் ஒன்று இடையில் சிக்கிக்கொண்டது, மூட முடியவில்லை. அடுத்த கதவை மூடுவதற்குள் இரண்டு அறைகள் நிறைந்துவிட்டன. ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் கப்பலின் மூக்கு சேற்றில் குத்தியது. மறுநாள் காலையில் அதன் வால்பகுதி நீருக்கு மேலே தெரிந்தது. மீட்க வந்த கப்பல்கள் அதைச் சுற்றி நின்றன. ஆயினும் உள்ளே ஆட்கள் அதிகம், மூச்சுக்காற்று நஞ்சாகிக்கொண்டிருந்தது. தப்பும் அறை வழியாக 4 பேர் மட்டுமே உயிரோடு வெளிவந்தார்கள். 99 பேர் மாண்டார்கள்.

அவர்களின் மனைவியர் கப்பல் கட்டிய நிறுவனத்தின் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். கப்பல் பற்றிய ஆவணங்களைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். போர்க்காலம், நாட்டு நலம் என்று கூறி அரசாங்கம் மறுத்தது. அது சரியே என்று 1942ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1946ஆம் ஆண்டில் வழக்கும் தோற்றது. மூழ்கிய கப்பலை அதற்கு முன்பே தூக்கிச் சீர்செய்து, தண்டர்போல்ட் என்று பெயர் மாற்றிப் போருக்கு அனுப்பினார்கள். 1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிசிலித் தீவுக்கு அருகே அதுவும் ஆட்களோடு மூழ்கியது.

ஆனால் ஒரு நன்மை மிஞ்சியது. அதன் பிறகு ஆங்கில நீர்மூழ்கிகளின் டார்ப்பிடோக் கதவுகளில் ஒரு சிறு கொக்கி பொருத்தினார்கள். கதவை முதலில் ஒரு விரற்கடை மட்டுமே திறக்க விடும் கொக்கி அது. உள்ளே நீர் இருந்தால் கசிவிலேயே தெரிந்துவிடும், உடனே மூடிவிடலாம். அதற்குத் தீட்டிஸ் கொக்கி என்றே பெயர் நிலைத்துவிட்டது. 99 உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கிய கொக்கி.

நேயர்களே, இந்தக் கதைகளை ஏன் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்? நாம் கப்பல் ஓட்டுகிறவர்களா? காரணம் உண்டு. என் சிறு வயதில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

என் தகப்பனார் மலாக்கா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் பார்த்துக்கொள்பவராக இருந்தார். ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தின் பக்கத்தில் தீயணைக்க ஒரு பெரிய வால்வு இருந்தது. பல ஆண்டுகளாக ஒருவரும் அதைத் திருகியதில்லை. அப்பா ஒருநாள் திருகிப் பார்த்தார், அசையவில்லை. மண்டோரிடம் சொன்னார். கிராணியாரிடமும் சொன்னார். "தீயா பிடிச்சிருக்கு? இருக்கட்டும், பார்க்கலாம்" என்றார்கள். சில மாதம் கழித்து ஓர் இரவு புகைக்கூடம் தீப்பற்றியது. நாலு பேர் தொங்கியும் சக்கரம் திரும்பவில்லை. இரும்புத் தடியைக் கொடுத்து நெம்பியபோது தண்டே முறிந்தது. லயத்து ஆண்களும் பெண்களும் பால் வாளிகளில் ஆற்று நீர் சுமந்தார்கள். கூடத்தில் பாதி எரிந்து போயிற்று. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் பிரட்டில் எல்லார் முன்னிலையிலும் அப்பாவைத்தான் கேட்டார்கள்: "வால்வைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நீதானே?" அவர் தலைகுனிந்து நின்றார். முன்பே சொன்னேன் என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது, சான்று இல்லை. அன்று மாலையே என் பள்ளி நோட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டி எழுதத்தான் அவருக்குத் தெரியும். அன்று முதல் எந்த வால்வைத் திருகினாலும் தேதி எழுதினார். எதைப் பழுது என்று சொன்னாலும், யாரிடம் சொன்னேன் என்று எழுதி, முடிந்தால் அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கினார். அவர் மறைந்த பிறகும் அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆகவே, பழுதை முதலில் அறிவது அதைத் தொடும் கை. ராயல் ஜார்ஜில் தச்சனின் கை. எங்கள் தோட்டத்தில் அப்பாவின் கை. அந்தக் கைக்கு உரியவன் சொல்லும் சொல் மேலே ஏறவில்லை என்றால், கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. தீட்டிஸ் இன்னொன்றைச் சொல்கிறது: ஒரு கருவி பேசாமல் இருப்பதனாலேயே ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நீர் வரவில்லை என்றால், நீர் இல்லாமலும் இருக்கலாம், துளை அடைபட்டும் இருக்கலாம். குத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளிலும், துறைமுகங்களிலும், கப்பல் பழுதுபார்க்கும் தளங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். மீன்பிடிப் படகில் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக, இறுகிப்போன வால்வைக் கையாளும் முறையையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, படகு கரையில் இருக்கும்போதே பழுது பாருங்கள். நீரில் மிதக்கும்போது அடிப்பகுதி வால்வை வலிந்து திருகினால், அது திறவாமல் முறிந்துவிட்டால் கடல் உள்ளே வரும். இரண்டாவது, ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் துளைக்கு ஏற்ற, கூம்பாகச் சீவிய மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வு போனால் அந்தக் கட்டைதான் உயிர். மூன்றாவது, திருகுமுன் உலோகத்தைச் சுரண்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, சொரசொரப்பாக இருந்தால் அதைத் திறக்க முயலாமல் மாற்றிவிடுங்கள். நான்காவது, நல்ல உலோகமாக இருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைப்பதும் உதவும். பிறகு ஒரே பக்கமாக நெம்பாமல், சிறிது இந்தப் பக்கம், சிறிது அந்தப் பக்கம் என்று அசைத்து அசைத்து விடுவியுங்கள். சுத்தியலும் நீண்ட தடியும் கடைசி நண்பர்கள். பெரும்பாலும் துரோகம் செய்யும் நண்பர்கள்.

ஐந்தாவது, சக்கரம் சுழல்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சில வால்வுகளில் உள்ளே தண்டு அற்றுப் போயிருக்கும். மேலே சக்கரம் சுழலும், உள்ளே கதவு அசையாது. நீர் நின்றதா, வந்ததா என்று கண்ணால் பாருங்கள். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: தேவை இல்லாத நாளிலும் மாதம் ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுதாக மூடித் திறந்து, மசகு இட்டு, தேதி எழுதி வையுங்கள். அசையும் வால்வில் உப்பும் சிப்பியும் குடியேறுவது கடினம்.

வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டு மீட்டர் பக்கத்தில் இருக்கும் நீர் வால்வைக் கடைசியாக எப்போது திருகினீர்கள்? எரிவாயு உருளையின் திருகு சரியாக மூடுகிறதா? நாளைக் காலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்று பிள்ளை வந்து சொன்னால், "போடா, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். அந்தப் பிள்ளை அப்போது ராயல் ஜார்ஜ் கப்பலின் தச்சன்.

கிளேபாங்கில் என்னைக் கேள்வி கேட்ட மாணவிக்கு அன்று நான் முழு விடை சொல்லவில்லை. பேருந்து காத்திருந்தது, நேரமாகிவிட்டது. "ஒன்று திறக்காமல் போனால் ஆபத்துதான் அம்மா" என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது அவள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். இந்த உரையை அவள் கேட்டுக்கொண்டிருந்தால், இதுவே என் விடை: திறக்காமல் போவது ஒரு நாளில் நடப்பதன்று, அம்மா. பல நாள் ஒருவரும் தொடாமல் விட்டதும், தொட்டவன் சொன்னதை ஒருவரும் கேளாமல் விட்டதும் சேர்ந்துதான் அந்த ஒரு நாள் வருகிறது. நீ தொட்டுப் பார்ப்பவளாகவும் இரு. நாளை ஒரு பொறுப்புக்கு வந்தால், கேட்பவளாகவும் இரு.